தகர நடை

படப்பிடிப்புத் தளத்தில் நாற்பது ரோபோக்கள் இருந்தன. நாற்பதும் என் மனைவியைப் போல நடந்தன.

அமலி ஜூலையில் இறந்தாள். நவம்பரில் நான் வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான், இங்கே இருந்தாலும் ஒன்றுதான். இங்கே மதியச் சாப்பாடு போடுவார்கள்.

ரோபோக்களின் மேல் இருக்கும் தகரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நெற்றியில் பல்பு எரியாவிட்டால் மாற்றுவேன். மார்பில் இருக்கும் டயல்கள் சுற்றாவிட்டால் சுற்ற வைப்பேன். தகரத்துக்குள்ளே இருப்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதற்கு ரோபோ நிறுவனத்திலிருந்து ஷஹீனா என்ற பெண் வந்திருந்தாள்.

ரோபோக்கள் உண்மையாகவே வந்து வருடங்களாகிவிட்டன. சென்ட்ரலில் பெட்டி தூக்குகின்றன. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கின்றன. சாம்பல் நிறம், வழவழப்பான உடம்பு, முகம் கிடையாது. ஃப்ரிட்ஜுக்குக் கால் முளைத்தது போல இருக்கும். சத்தமில்லாமல் நடக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எதிர்காலம் வந்துவிட்டது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் எல்லாருக்கும் பழைய எதிர்காலத்தின் மேல் ஆசை வந்தது. பல்பு வைத்த ரோபோ, ஆன்டெனா முளைத்த தலை, தகரக் கை.

இயக்குநர் விமலாதித்தன் அப்படி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். அறுபதுகளில் வாரப் பத்திரிகை ஓவியர்கள் கற்பனை செய்த இரண்டாயிரமாம் ஆண்டுச் சென்னை. மெரினாவுக்கு மேலே கம்பியில் ஓடும் டிராம். பட்டுப் புடவை கட்டி, தலையில் கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்த பெண்கள். தோளில் மேல்துண்டு போட்டுக்கொண்டு டபரா செட்டில் காப்பி ஆற்றும் ரோபோ. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு முழுக்க அட்டையிலும் பிளைவுட்டிலும் கட்டியிருந்தார்கள்.

ரோபோக்களுக்குத் தகரம் மாட்டியாயிற்று. நடைதான் சரியாக வரவில்லை. பழைய படங்களில் ரோபோ என்றால் உள்ளே ஓர் ஆள் இருப்பார். தகரத்துக்குள் வியர்த்து, முட்டி மடங்காமல், எதிரே இருப்பது தெரியாமல் நடப்பார். அந்தச் சிரமத்தைத்தான் உலகம் ரோபோ நடை என்று நினைத்தது. நிஜ ரோபோவுக்கு எந்தச் சிரமமும் இல்லை. தகரம் மாட்டினாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

"மனுஷன் ரோபோவா நடிப்பான்ல, அதை இந்த ரோபோ நடிக்கணும். புரியுதா?" என்றார் விமல் சார், அமலி வந்த முதல் நாள்.

"ரோபோவுக்கா சார், எனக்கா?" என்று கேட்டாள் அமலி.

அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அமலி கல்யாண மண்டபங்களிலும் கடைத் திறப்பு விழாக்களிலும் தகர உடை போட்டு வாசலில் நிற்பவள். வருகிறவர்களுக்கு ரோஜாப்பூ கொடுப்பாள், குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்வாள். நான் உடை செய்பவன். மெக்கானிக்கல் படித்துவிட்டுத் தகரம் வளைக்க வந்தவன். நான் செய்த உடைக்குள்ளிருந்துதான் அவள் குரலை முதலில் கேட்டேன். "யோவ் மெக்கானிக், இதுக்குள்ள காத்து வராதா? நீ ஒரு தடவை உள்ள வந்து பாரேன்." மறுநாள் ஒரு சின்ன ஃபேன் வைத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் யோவ் மெக்கானிக்தான்.

உடையின் எல்லா மூட்டுகளிலும் சென்சார் பொருத்தினார்கள். அமலி அதைப் போட்டுக்கொண்டு ஏழு வாரம் நடந்தாள், உட்கார்ந்தாள், காப்பி ஆற்றினாள், விழுந்தாள். அவள் உடம்பு அசைந்த விதத்தை ரோபோக்கள் அப்படியே எடுத்துக்கொண்டன.

படத்தின் முன்னோட்டம் வெளியானபோது அவள் இல்லை.

*

ஷஹீனா மதியச் சாப்பாட்டின்போது வந்து எதிரே உட்கார்ந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை.

"சார், ஒரு விஷயம் பேசணும். இப்ப பேசலாமா?"

"பேசுங்க."

"அந்த நடைக்கு நல்ல வரவேற்பு சார். எங்க கம்பெனியில எல்லா ரோபோவுக்கும் அதைப் போடலாம்னு நினைக்கிறாங்க. ஸ்டேஷன், மால், ஆஸ்பத்திரி, வீடு, எல்லாத்துக்கும். ஜனங்க இப்ப ரோபோவைப் பாக்கறதே இல்ல. இந்த நடை இருந்தா நின்னு பாக்கறாங்க. சிரிக்கிறாங்க."

"சரி."

"மேடம் இந்தப் படத்துக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்திருக்காங்க. அவங்க இல்லாததால உடலசைவு உரிமை இப்ப உங்களுக்கு. நீங்க சம்மதம்னு சொன்னா போதும். வேண்டாம்னா நாங்க மொத்தமா அழிச்சிடணும். சட்டம் அப்படி. எடுத்த படம் இருக்கும், பதிவு இருக்காது."

"பாதியா வெச்சுக்க முடியாதா?"

"முடியாது சார். இருக்கணும், இல்ல அழியணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆனால் யோசிக்கவில்லை. யோசிக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

கை கழுவும் இடத்தில் சற்குணம் அக்கா பிடித்துக்கொண்டார். அவரும் தகர உடைக்காரர், அமலிக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர். இந்தப் படத்தில் தகரத்துக்கு ஆள் தேவைப்படாததால் கூட்டத்தில் ஒருவராக வந்திருந்தார். பட்டுப் புடவை, இடுப்பில் கண்ணாடிக் கிண்ணம். தலையில் மாட்டினால் மூச்சு முட்டுகிறது என்று ஷாட் இல்லாத நேரத்தில் குடம் போல இடுக்கிக்கொள்வார்.

"இன்னாபா, அந்தப் பொண்ணு உன்கிட்ட இன்னா சொல்லுது?"

"அமலியோட நடையை எல்லா ரோபோவுக்கும் போடணுமாம்."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"நீ எப்பதான் வாயத் தொறந்த? அவ இருந்தப்ப ரெண்டு பேருக்கும் சேத்து அவதான் பேசினா." கிண்ணத்தை மறு இடுப்புக்கு மாற்றினார். "இதக் கேளு தம்பி. மண்டபத்துல எங்களை இன்னாத்துக்குக் கூப்புடறான்? மெஷினை நிக்க வெச்சா செலவு கம்மி. ஆனா மெஷினுக்குத் தடுமாறத் தெரியாது. நாங்க தடுமாறுவோம். புள்ளைங்க சிரிக்கும். அதான் எங்க சோறு. அந்தத் தடுமாற்றத்தையும் அதுக்கே குடுத்துட்டா நாங்க எங்க போறது? முப்பது குடும்பம் கீதுபா."

"அமலியே குடுத்தாளே அக்கா."

"ஒரு படத்துக்குக் குடுத்தா. ஊருக்கே குடுக்கல." என் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. "உன்னைத் திட்டல. நீ சாப்புட்டியா?"

"சாப்பிட்டேன்."

*

இரண்டு நாள் கழித்து ஷஹீனா என்னை உட்கார வைத்துப் பதிவுகளைக் காட்டினாள். எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு சொல்வது நல்லது என்றாள். நல்ல பெண். தன் கம்பெனிக்கு அப்படிச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

திரையில் உடம்பு இல்லை. மூட்டுக்கு ஒன்றாகப் புள்ளிகள். இருட்டில் மின்மினி கூடி மனித உருவம் எடுத்தது போல.

"இது முதல் வாரம்."

புள்ளிகள் நடந்தன. அமலிதான். தோளை இறுக்கிக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே மாதிரி விறைத்து, மூன்றடிக்கு ஒருமுறை தலையைத் திருப்பினாள். அளவுக்கு மீறிய நடிப்பு. மண்டபத்தில் குழந்தைகளுக்குச் செய்வது.

"இது கடைசி வாரம். இதைத்தான் விமல் சார் படத்துல வெச்சிருக்கார். எங்களுக்கும் இதுதான் வேணும்."

புள்ளிகள் நடந்தன. வலது கால் முன்னே வந்தது. இடது கால் கொஞ்சம் தாமதித்தது. இடுப்பைத் தூக்கி அதை வீசிப் போட்டாள். நுனிப் பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தது. தலையைத் திருப்பவே இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, மிகக் கவனமாக.

"இந்த இடது கால்தான் சார் விஷயம்," என்றாள் ஷஹீனா. "முன்னோட்டம் போட்டப்ப தியேட்டர்ல சின்னப் பசங்க எழுந்து இதே மாதிரி நடந்தாங்க. எப்படித்தான் இப்படி ஒரு நடிப்பு தோணுச்சோ மேடத்துக்கு."

"இது நடிப்பு இல்ல."

"சார்?"

"முதல் வாரம் நடிப்பு. இது நோய்."

அவள் திரையை நிறுத்தினாள். வலது கால் ஊன்றி, இடது கால் இன்னும் வராமல், புள்ளிகள் அந்தரத்தில் நின்றன.

"தசைக்குப் போற நரம்பு ஒவ்வொண்ணா செத்துடும். முதல்ல பாதம் தொங்கும். அப்புறம் கால், கை. பேச்சு. கடைசியா மூச்சு." ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். "இவளுக்கு வேகமா வந்தது."

"அப்ப... இந்த வாரம் அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தகரம் கனக்குதுன்னு சொன்னா. நான் பேட்டரியைக் குறைச்சேன். இடது முட்டிக்குக் கீல் மாத்தினேன். ரெண்டு தடவை. கீல்தான் பிடிக்குதுன்னு ரெண்டு பேரும் நினைச்சோம். உடையைக் கழட்டின பிறகும் கால் அப்படியே வந்தது. அப்பதான் டாக்டர்கிட்ட போனோம்."

ஷஹீனா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "எங்களுக்குத் தெரியாது சார்."

"எங்களுக்கும் தெரியாது."

அன்று கொளத்தூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கியபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக அந்த நடையில் பஸ் ஏற வந்துகொண்டிருந்தார்கள். வலது கால், கொஞ்சம் பொறுத்து இடது கால். ஒருத்தி கண்டக்டரிடம் ரோபோ குரலில் டிக்கெட் கேட்டாள். கண்டக்டரும் ரோபோ குரலில் சில்லறை கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. அந்தப் பிள்ளைகளில் யார் சரியாக நடக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். யாரும் சரியில்லை.

*

விமல் சார் தன் கேரவனுக்குக் கூப்பிட்டார். டீ கொடுத்தார். சுவர் முழுக்கப் பழைய ஓவியங்களின் நகல்கள். ஒன்றில், அம்மி அரைக்கும் ரோபோவுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத் தலைவி கால்மேல் கால் போட்டு வாரப் பத்திரிகை படிக்கிறாள். அந்த ரோபோவுக்கு வரைந்தவர் புன்னகை வைத்திருந்தார்.

"ஷஹீனா சொல்லிச்சு," என்றார். "கால் விஷயம். சத்தியமா எனக்குத் தெரியாது பிரிட்டோ."

"தெரியும் சார். தெரியாதுன்னு."

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நம்ம எல்லாரும் செத்தா போட்டோதான் மிச்சம். மாலை போட்டுச் சுவத்துல மாட்டுவாங்க, நாலு வருஷத்துல தூசி. அமலி அப்படி இல்ல. ஏர்போர்ட்டுல நடப்பா. ஆஸ்பத்திரில நடப்பா. இந்த ஊர்ல நீ எங்க திரும்பினாலும் அவ நடந்து வருவா. யாருக்குக் கிடைக்கும் இது?"

"கால் இழுத்துக்கிட்டு."

அவர் டீயைக் கீழே வைத்தார். "அதுதாம்ப்பா அழகு," என்றார் மெதுவாக. கெட்டவர் இல்லை. அப்படித்தான் நினைத்தார்.

சம்மதம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. சரி என்று சொல்வது சின்ன வேலை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சற்குணம் அக்கா கோபித்துக்கொள்வார், ஆனால் கோபத்தோடு சாப்பிட்டியா என்றும் கேட்பார். ஸ்டேஷனில் ஏதோ ஒரு ரோபோ அமலியைப் போல என்னைக் கடந்து போகும். அது நன்றாக இருக்குமா இருக்காதா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் தோன்றவில்லை.

"நாளைக்குக் கடைசி ஷாட் முடிஞ்சதும் முறையா சொல்றேன்," என்று ஷஹீனாவிடம் சொன்னேன். "சம்மதம்தான்."

அவளுக்கு அது சந்தோஷமாக இல்லை என்பது தெரிந்தது. தலையாட்டினாள்.

*

கடைசி ஷாட், நகரமே மின்சாரம் இழக்கும் காட்சி. கம்பியில் ஓடும் டிராம் நிற்கும். தெருவில் வேலை செய்துகொண்டிருக்கும் நாற்பது ரோபோக்களும் இருந்த இடத்தில் விழுந்து சாகும். மக்கள் கண்ணாடிக் கிண்ணங்களோடு திகைத்து நிற்பார்கள். அட்டைத் தெருவின் முனையில் பூசணிக்காய் தயாராக இருந்தது, மேலே சூடம் வைத்து. ஷாட் முடிந்ததும் உடைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

காலையில் ஒருமுறை எடுத்தார்கள். விமல் சாருக்குப் போதவில்லை.

"விழுந்ததும் பதிவு முடிஞ்சு போயிடுது. ஒரு விறைப்பு வந்துடுதும்மா. கீழ கிடக்கிறது உயிரில்லாம, தளர்வா, இன்னும் கொஞ்ச நேரம் வேணும். அமலி விழுந்து கிடந்திருப்பால்ல?"

"விழற பதிவு ஒண்ணே ஒண்ணுதான் சார், கடைசி நாள் எடுத்தது," என்றாள் ஷஹீனா. "பின்பக்கத்தை வெட்டியிருக்கோம். வெட்டினதைச் சேர்த்துப் போடறேன்."

"பாத்துட்டுப் போடறியா?"

"பாக்க நேரமில்ல சார், வெளிச்சம் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க."

நாற்பது ரோபோக்களுக்கும் அதை ஏற்றினாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்து நின்றது. ஒன்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தது. ஒன்று போக்குவரத்தைச் சரி செய்துகொண்டிருந்தது. நான் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால், பல்பு டப்பாவோடு நின்றேன்.

ஆக்‌ஷன் என்றார். டிராம் நின்றது. நெற்றிப் பல்புகள் அணைந்தன. நாற்பதும் முட்டி மடங்கி, ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தன. தகரச் சத்தம் தெரு முழுக்க எழுந்து அடங்கியது. கிடந்தன. இந்த முறை உண்மையாகவே தளர்வாக. விமல் சார் மூச்சை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். கட் சொல்லவில்லை.

அப்போது அவை எழுந்தன.

கையை ஊன்றி, வலது காலைப் பதித்து, இடது காலை இழுத்துக்கொண்டு, நாற்பதும் எழுந்து நின்றன. வலப் பக்கம் திரும்பின. இரண்டு கைகளும் தலைக்குப் போயின. ஒரு திருகு, ஒரு தூக்கு. நான் உடைக்கு வைத்த அதே பூட்டைத்தான் ரோபோக்களுக்கும் வைத்திருந்தேன். நாற்பது தகரத் தலைகளும் கழன்று இடுப்புக்கு வந்தன. உள்ளே சாம்பல் நிறத்தில், வழவழப்பாக, முகமில்லாத உருண்டைகள்.

அவற்றின் தோள்கள் குலுங்கின.

"யார் எழுப்பினது?" என்று கத்தினார் விமல் சார். "நான் கட் சொல்லலையே! என்னம்மா இது?"

"தெரியல சார். பதிவுல ஏதோ பிழை—"

"பிழையாவது ஒண்ணாவது." சற்குணம் அக்காவின் குரல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தலையில் கிண்ணம் அப்படியே இருந்தது. "சிரிக்கிறாம்மா அவ."

"யாரு?" என்றாள் ஷஹீனா.

"அமலி. சினிமாவுல செத்த மாதிரி நடிச்சா எந்திரிச்சு கேமராவைப் பாத்து சிரிக்கணும். இப்ப செத்தது பொய்யினு கேமராவுக்குக் காட்டணும். இல்லாங்காட்டி நெசமாப் பூடும்னு சொல்லுவாங்க. லைட் புடிக்கிற ஆளுக்குக்கூடத் தெரியும், உங்களுக்குத் தெரியலையே. தலையக் கழட்டிட்டு சிரிச்சிருக்கா, பாரு பாரு."

எல்லாருக்கும் புரிந்தது. யாரோ பழக்கத்தில் கை தட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

அந்தப் பதிவு எடுத்தபோது நான் அங்கே இல்லை. கீலுக்கு ஸ்பிரிங் வாங்கப் பாரிமுனை போயிருந்தேன். பதிவு அறையில் சினிமா கேமரா கிடையாது. ஓரமாக ஒரு முக்காலியில் சின்னதாக ஒன்று வைத்திருப்பார்கள். அது அவளுக்கு வலப் பக்கம் இருந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். இங்கே நாற்பதும் நாற்பது திசையில் சிரித்தன. ஒன்று சுவரைப் பார்த்து. ஒன்று தண்ணீர் டிரம்மைப் பார்த்து. ஒன்று எனக்கு நேராக நின்றது.

வழக்கத்துக்கு ஒரு சின்னச் சிரிப்பு போதும். இவள் நிறுத்தவில்லை. ஒருமுறை அடங்கி, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பித்தாள். எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று தெரியவில்லை. அறையில் யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். முகம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது இவளுக்கு," என்றார் சற்குணம் அக்கா. கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஆவி படிந்து அவர் முகம் மறைந்துவிட்டது. கழற்ற மறந்து புறங்கையால் வெளியே துடைத்தார்.

பதிவு முடிந்தது. நாற்பதும் தலையை இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றன.

"சரி, சரி," என்றார் விமல் சார். "அந்தக் கடைசியை வெட்டிடும்மா. எழறதுக்கு முன்னாடி நிறுத்து. மறுபடி போவோம்."

நான் ஷஹீனாவிடம் போனேன்.

"வெளியே போற ரோபோவுல இது இருக்குமா?"

"எது சார்?"

"சிரிப்பு."

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "இருக்காது சார். ஸ்டேஷன்ல ஒரு ரோபோ தலையைக் கழட்டிட்டுக் குலுங்கினா பழுதுன்னு புகார் வரும். வெட்டிடுவாங்க."

"கால்?"

"கால் இருக்கும். அதுக்குத்தானே சார்..." நிறுத்திக்கொண்டாள்.

"வேண்டாம்," என்றேன்.

"சார்?"

"சம்மதம் இல்ல. மொத்தமா அழிச்சிடுங்க. இப்பவே."

விமல் சார் ஓடி வந்தார். "பிரிட்டோ, ஷாட் முடியட்டும்ப்பா. ஒரே ஒரு ஷாட். அதுக்கப்புறம் நீ என்ன வேணா பண்ணு. நாற்பதும் விழணும், இது இல்லாம நான் எதை வெச்சு எடுப்பேன்?"

"ஆளை வெச்சு எடுங்க சார்."

"எந்த ஆளை?"

நான் பல்பு டப்பாவைக் கீழே வைத்தேன். உள்ளே பல்புகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. சற்குணம் அக்கா கிண்ணத்தைக் கழற்றினார். முகம் முழுக்க ஈரம். தான் கேட்டது கிடைத்துவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போல இருந்தது.

"வேணாம்பா," என்றார். "இப்பதான் பாத்தோம். இன்னொரு வாட்டி பாத்துட்டு..."

"வேண்டாம் அக்கா."

ஷஹீனா திரையைத் தொட்டாள். ஒரு சத்தமும் இல்லை. நாற்பது ரோபோக்களும் நிமிர்ந்தன. கைகள் ஒரே அளவில் இறங்கின. கால்கள் ஒரே கோட்டில் சேர்ந்தன. தகரத் தலைகள் கீழே விழுந்து உருண்டன. நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

"அந்தப் பூசணிக்காயை உள்ள வைங்கடா," என்றார் விமல் சார் யாரிடமோ.

*

தை பிறப்பதற்கு முன் மறுபடி கூடினார்கள். கொட்டகையிலிருந்து தகர உடைகளை எடுத்துத் துடைத்தேன். நாற்பதுக்கு ஆள் கிடைக்கவில்லை. முப்பது பேர் வந்தார்கள், விமல் சார் கேமராவை நெருக்கமாக வைத்துக்கொண்டார். முன்வரிசையில் சற்குணம் அக்கா. இந்த முறை நடந்து வந்து விழ வேண்டும்.

நடந்தார். இடது காலைப் பெரிதாக இழுத்தார். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நொண்டற மாதிரி இருக்குக்கா," என்றார் விமல் சார். "அது அப்படி இருக்காது."

"எப்பிடி சார் இருக்கும்?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஷஹீனாவும் இல்லை, பதிவும் இல்லை. சற்குணம் அக்கா மறுபடி நடந்தார். இன்னும் மோசம். மூன்றாவது முறை தகரத் தலை என் பக்கம் திரும்பியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

போய் அவருக்கு இடப் பக்கம் நின்றேன். தகர இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டேன்.

"இன்னாபா, டான்ஸா?" என்றது உள்ளிருந்து குரல்.

"நடங்க அக்கா."

வலது காலை எடுத்து வைத்தார். நானும் வைத்தேன். அடுத்த காலைத் தூக்கப் போனேன். தூக்க முடியவில்லை. என் கால் தானாகவே நின்றது. படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து ஜன்னலுக்கு, கடைசி மாதங்களில் எத்தனை தடவை இப்படிப் போயிருப்போம். அவள் இடது கால் வந்து சேரும்வரை என் கால் காத்திருக்கும். இப்போதும் காத்திருந்தது. பக்கத்தில் இருப்பது யார் என்று அதற்குத் தெரியாது.

சற்குணம் அக்கா நான் நின்றதை உணர்ந்தார். தானும் நின்றார். பிறகு இடது காலைக் கொண்டுவந்தார். என் கால் நகர்ந்தது.

"ஓ," என்றார். பிறகு, "இவ்ளோ நேரமா?"

"இவ்ளோ நேரம்தான்."

அட்டைத் தெருவின் முனைவரை நடந்தோம். திரும்பி வந்தோம். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் அவர் கால் என் காலைக் கேட்காமலே வந்தது. விமல் சார் கேமரா ஓடட்டும் என்றார். பிரேமிலிருந்து விலகச் சொல்லி எனக்குக் கை காட்டினார்.

கையை எடுத்தேன். ஓரமாகப் போனேன். சற்குணம் அக்கா தனியாக நடந்தார். இடது கால், வர வேண்டிய நேரத்துக்குத் தாமதமாக வந்தது.